அடைப்புக்குறிக்குள் ஒருவர்

ஒவ்வொரு பிப்ரவரியும் அலமாரியிலிருந்து
அதே நான்கு முகங்களை இறக்கி
அதே சுவரில் குத்துவேன்.
மூலைகளில் ஊசித் துளைகள்
முகங்களைவிடத் தெளிவாகிவிட்டன.
"இவங்க நாலு பேர்தானா?" என்றாள் டயோனா.
கேள்விக்குறி ஒரு கொக்கி.
மாட்டினால் கழற்ற முடியாது.

அன்று லூயிவில்லில் பனி இல்லை.
வகுப்பு ஹீட்டர் மட்டும்
பழைய பகை தீர்ப்பதுபோல் கொதித்தது.
கமாரி ஜன்னலைத் தூக்கினான்.
பாதியில் நின்றது.
எப்போதும் அப்படித்தான்,
விழாது, நழுவாது, விரல் நசுக்காது.
பள்ளி கட்டியபோது வைத்த இரும்புப் பிடி.
இருபது பூச்சு பெயின்டுக்கு அடியில்
ஏதோ எழுத்து இருக்கு என்றான்.

நான் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன்.
அவன் ஐந்து சென்ட் நாணயத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
பச்சை உதிர்ந்தது, பழுப்பு உதிர்ந்தது,
நான் பிறக்கும் முன் அடித்த ஒரு நீலமும் உதிர்ந்தது.
(பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்,
போய்க் கை கழுவு என்று கத்தினேன்.)
எல். குவார்ல்ஸ்.

நூலகத்தில் காப்புரிமைப் படம் கிடைத்தது.
ஒரு சுருள்வில், ஒரு பல்சக்கரம், ஒரு நாக்கு,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்று.
ஆளுக்குப் படம் இல்லை.
அந்தத் தாளில் நிறம் கேட்கும் கட்டமும் இல்லை.
யாராகவும் இருக்கலாம்.
யாராகவும் இருக்கலாம் என்றால்
ஊர் யாரை நினைத்துக்கொள்ளும் என்பது
பத்து வயதுக்கே தெரிந்திருக்கிறது.
"வெள்ளைக்காரர் போல" என்று எமரி
திரையை அணைக்கப் போனான்.

டயோனா விடவில்லை.
தும்மல் வரவைக்கும் பழைய ஊர் டைரக்டரி,
குவார்ல்ஸ், லெமுவேல்,
பெயரை ஒட்டி
அடைப்புக்குறிக்குள் கடுகளவு ஒரு 'சி'.
"சின்னா என்ன?"
'கலர்ட்' என்ற சொல்லின் முதலெழுத்து.
அவள் முகத்தைப் பார்க்காமல்
பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஒதுக்கிவைக்கப் போட்ட குறி.
நூறு வருடம் கழித்து
அதைப் பிடித்துத்தான் அவரை வெளியே இழுத்தோம்.
இதற்கு நன்றி சொல்வதா
காறி உமிழ்வதா, தெரியவில்லை.
டயோனா சுண்டுவிரலை
அந்த இரு வளைவுகளுக்கு நடுவே வைத்திருந்தாள்.
"ரெண்டு பக்கமும் சுவர்" என்றாள்.

பெயருக்கு எதிரே தொழில்: கூலி.
காப்புரிமை வந்தது 1911.
அடுத்த வருடத்தைப் புரட்டினோம். கூலி.
1913. கூலி.
1919. கூலி.
1920இல் பெயர் இல்லை.
முந்தைய வருடம்வரை வீட்டு எண்கூட இருந்தது.
'அட்ரஸ் இல்லாத ஆள்' என்று
இனி யாரையும் சொல்லமாட்டேன்.

காப்புரிமையின் தலைப்பில் இன்னொரு வரி:
உரிமையில் பாதி
இரும்புக்கடை விட்கோமுக்கு.
"எந்தப் பாதி?" என்றான் கமாரி.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.
"தூக்குற பாதியா,
விழாமப் பிடிக்கிற பாதியா?"
பின்னம் நடத்துகிறவள் நான்.
விடை என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது தாள் தயாரானது.
மீசை வைத்து ஒரு முகம் வரையலாம் என்றான் எமரி.
தெரியாததை வரையாதே என்றாள் டயோனா.
சண்டை. ஒரு பென்சில் உடைந்தது.
கடைசியில் பிடியை வரைந்தார்கள்,
படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்று,
படம் நான்கு என்று எழுதி
அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள்.

கமாரி இப்போது
எந்தக் கதவுக் கைப்பிடியையும் சும்மா கடப்பதில்லை.
குனிந்து அடியில் பார்க்கிறான்.
சாப்பாட்டு வரிசை அவனால் தாமதம்.

மார்ச் முதல் தேதி
வழக்கம்போல் சுவரைக் காலி செய்தேன்.
நான்கு முகங்களும் வந்துவிட்டன.
ஐந்தாவது தாள் வரவில்லை.
ஊசி குத்தாமல்
முழுக்கப் பசை தடவியிருந்தார்கள்.